வீட்ல சோறு இல்லையா?

ஓட்டலுக்குப் போகிற கணவன்மார்கள் இரண்டு ஜாதி. மெனு கார்டை இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள், வலமிருந்து இடமாகப் படிப்பவர்கள். முதல் ஜாதி ஐட்டத்தின் பெயரைப் பார்க்கும். இரண்டாவது ஜாதி முதலில் விலையைப் பார்க்கும். கட்டுப்படியானால் மட்டும், அது என்ன வஸ்து என்று கண்ணை இடப்பக்கம் நகர்த்தும். பதின்மூன்று வருஷம் முதல் ஜாதியில் இருந்துவிட்டு 2025 ஜூன் மாதம் நான் கட்சி மாறினேன். மனைவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணவன்மார்கள் அப்படித்தானே நினைப்பார்கள்!

எங்களுக்குக் கல்யாணமானது 2012-இல். மேற்கு மாம்பலத்தில் ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை. அதில் அப்பா, அம்மா, தம்பி, அப்புறம் நாங்கள். புது மனைவியிடம் 'தலைவலியா?' என்று ரகசியமாகக் கேட்டால், ஹாலிலிருந்து மூன்று குரல்கள் பதில் சொல்லும். தைலம் தம்பி கையிலிருந்து வரும். மெரினாவுக்குப் போனால் சுண்டல் பையன், கிளி ஜோசியம், தெரிந்த மாமா. உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச இந்த ஊரில் எங்களுக்கு மிச்சமிருந்தது ஓட்டல் மேஜைதான்.

ஆனால் எங்கள் வீட்டில் ஓட்டல் என்பது கெட்ட வார்த்தை. அம்மாவின் சமையல் பிரமாதம். அதுதான் சிக்கலே. "வெளியே சாப்டுட்டு வந்துடறோம்மா" என்றால், "ஏன், வீட்ல சோறு இல்லையா?" என்பாள். இதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அதனால் முதல் தடவை, "பார்த்தசாரதி கோயிலுக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பொய் இல்லை சார், கோயிலுக்கும் போனோம். போகிற வழியில் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் ரத்னா கபே இருந்தது எங்கள் குற்றமா? 1948-இல் மதுராவிலிருந்து வந்த ஒரு வட இந்தியக் குடும்பம் ஆரம்பித்த ஓட்டல் அது. மதுராவும் கண்ணன் ஊர், திருவல்லிக்கேணியும் கண்ணன் ஊர். நடுவில் சாம்பார் எப்படி வந்தது என்பதுதான் மாயக் கண்ணனின் லீலை. அங்கே இட்லிக்கு சாம்பார் என்று சொல்லக்கூடாது, சாம்பாருக்குள் இட்லி. குறையக் குறைய சப்ளையர் வந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்.

மூன்றாவது ரவுண்டு சாம்பாரின்போது என் மனைவி தலை நிமிராமல் சொன்னாள். "ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. அத்தை போடற காபியில சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி. மூணு மாசமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு குடிக்கிறேன்."

மூன்று மாதத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் குறை அது. எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா இலை போட்டுக் காத்திருந்தாள். வயிற்றில் இடமில்லை, சொல்லவும் முடியாது. உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா என் பக்கம் குனிந்து மோந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏன்டா, கோயில்ல இப்பல்லாம் சாம்பாரா குடுக்கறாங்க?"

குட்டு உடைந்த பிறகு பயம் போய்விட்டது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். ஒரு தடவை அவள் சொல்கிற இடம், ஒரு தடவை நான் சொல்கிற இடம். போன இடத்துக்கே ஒரு வருஷத்துக்குள் மறுபடி போகக்கூடாது. மேஜையில் பேசியது வீட்டுக்கு வரக்கூடாது. பில் என்னுடையது. இந்தக் கடைசி விதியை நான் கொஞ்சம் ராஜா மாதிரியே நிறைவேற்றி வந்தேன். பில்லைப் பார்க்காமல் பணத்தை வைப்பேன். மீதியில் ஐம்பது ரூபாயைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்திருப்பேன். ஆபீசில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து நாளெல்லாம் பைசா சுத்தமாக டேலி பண்ணுகிறவன், சனிக்கிழமை மட்டும் ஜமீன்தார்.

அண்ணா சாலை புகாரிக்குப் போனது நினைவிருக்கிறது. சிக்கன் 65 தட்டு வந்ததும், அதற்கு ஏன் 65 என்று பெயர் என்பது பற்றி நான் லெக்சர் ஆரம்பித்தேன். அறுபத்தைந்து மிளகாய் போடுவதால் என்கிறார்கள். அறுபத்தைந்து நாள் வளர்ந்த கோழி என்கிறார்கள். ராணுவ கேன்டீன் மெனுவில் அறுபத்தைந்தாவது ஐட்டம் என்கிறார்கள். 1951-இல் ஆரம்பித்த புகாரிக்காரர்களோ, 1965-இல் நாங்கள் போட்டோம், அதனால் 65 என்கிறார்கள். நான் நாலு கட்சியையும் அலசி முடித்து நிமிர்ந்தபோது தட்டில் கறிவேப்பிலை மட்டும் இருந்தது.

"பொது அறிவு நல்லதுதாங்க. ஆனா ஆறிடும்ல?" என்றாள்.

மயிலாப்பூர் ராயர் மெஸ் அவள் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை காலை என்பதால் விதியை ஸ்பெஷலாகத் தளர்த்தினோம். சின்ன இடம். நாம் தெருவில் நிற்க வேண்டும். கூப்பிட்டால் உள்ளே போக வேண்டும். பொங்கலும் கெட்டிச் சட்னியும் தின்றுவிட்டு, வெளியே நிற்பவர்களின் பார்வை முதுகைச் சுடச்சுட, டிகிரி காபியை அவசரமாகக் குடித்தோம். அங்கே பேச்சுக்கே வழியில்லை. சவுகார்பேட்டை மின்ட் தெருவில் ஜிலேபி சாப்பிட்ட கதை வேண்டாம். அது என் சட்டையும் சைக்கிள் ரிக்‌ஷாவும் சம்பந்தப்பட்டது.

போக முடியாமல் போன ஓட்டல் ஒன்று உண்டு. கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். 1962-இல் திறந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால் கதவிலேயே தட்டை மாட்டிக் கொடுப்பார்கள். கார் இல்லாத என்னைப் போன்றவர்கள் உள்ளே உட்கார்ந்து, காருக்குள் சாப்பிடுகிறவர்களை வேடிக்கை பார்ப்போம். 2008-இல் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா வந்தது. கல்யாணமான புதிதில் அவளை அங்கே கூட்டிப் போய், டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்து, ஒரு பெஞ்சைக் காட்டி, "கிட்டத்தட்ட இங்கதான் நான் நெய் ரோஸ்ட் சாப்பிடுவேன்" என்றேன். அவள் பெஞ்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, இப்ப எனக்கு என்ன வாங்கித் தரப்போறீங்க?" என்றாள்.

அப்புறம் பெண் பிறந்தாள். அப்பா போனார். தம்பி பெங்களூர் போனான். சனிக்கிழமைகள் சில சமயம் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று ஆகும். 2020-இல் ஊரடங்கு வந்தபோது பார்சல் வாங்கி மொட்டை மாடியில் வைத்துச் சாப்பிட்டோம். நிறுத்தவில்லை.

2025 ஜூன் மாதம் என் ஆபீஸ் சென்னைக் கிளையை மூடியது. பதினாலு வருஷ சர்வீஸ். இரண்டு மாதச் சம்பளமும் ஒரு கைகுலுக்கலும் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். சொல்ல வாயெடுத்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெண் ஸ்கூல் ஃபீஸ் சீட்டை நீட்டினாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளை வரவே இல்லை. தினம் காலை எட்டே முக்காலுக்கு டிபன் டப்பாவுடன் கிளம்புவேன். நாலு இடத்தில் பயோடேட்டா கொடுப்பேன். மத்தியானம் எங்கேயாவது உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, ஆறரைக்கு ஆபீஸ் களைப்புடன் வீடு திரும்புவேன். களைப்பு மட்டும் நடிப்பில்லை.

ஜூலையில் கல்யாண நாள். அவள் முறை. மூன்று மாதம் முன்பே சொல்லி வைத்திருந்த ஒரு பெரிய வணிக வளாகத்து ரெஸ்டாரன்ட். மாற்ற என்ன காரணம் சொல்வது? போனோம். தட்டு சதுரமாக இருந்தது. வெளிச்சம் குறைவாக இருந்தது, விலை தெரியக்கூடாதென்றோ என்னவோ. நான் வலமிருந்து இடமாகப் படித்து, "எனக்கு அவ்வளவா பசியில்லை, சூப் போதும்" என்றேன்.

பில் வந்தது. அன்றைக்கு நான் அதைப் பார்த்தேன். 1,840 ரூபாய். கீழே 'சர்வீஸ் சார்ஜ்' என்று பத்து சதவிகிதம், 184 ரூபாய். அதற்குக் கீழே ஜி.எஸ்.டி.

இங்கே கணக்குக்காரன் என்ற முறையில் ஒரு நிமிஷம். ஜி.எஸ்.டி. அரசாங்கத்துக்குப் போகிறது. 2017 நவம்பர் 15-லிருந்து சாதாரண ரெஸ்டாரன்ட்களில் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் 5 சதவிகிதம். அதற்கு முன் சில மாதங்கள் 12, 18 என்று இருந்தது. சர்வீஸ் சார்ஜ் அப்படியில்லை. அது ஓட்டல்காரர் தானாகப் போட்டுக்கொள்வது. அதைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. வழக்கு நடந்து, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டு நெறிகள் செல்லும் என்றது. உங்கள் பில்லில் இருந்தால், எடுத்துவிடச் சொல்லுங்கள். எடுப்பார்கள்.

நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மேனேஜர் வந்தார். "எங்க பாலிஸி சார்" என்றார். நான் ஆணையம், நெறி, தீர்ப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பக்கத்து மேஜைகளில் ஸ்பூன் சத்தம் நின்றது. கடைசியில் புது பில் வந்தது. 184 ரூபாயும் அதன் மேல் போட்ட வரியும் கழிந்திருந்தன. ஜெயித்துவிட்டேன்! மனைவி பாராட்டுவாள் என்று திரும்பினேன். அவள் சோம்பை மென்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸிலும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை, "என் செலவு" என்று சொல்லி அவளே மாம்பலத்தில் ரயில் ஏற்றி பீச் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கடை. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணிகளை எல்லாம் அரசுடைமை ஆக்கியதும், அங்கிருந்த தமிழர்கள் கப்பலேறி வந்து இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணி, எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கையாலேயே பிசைந்து, மொறுமொறு பேஜோவை நொறுக்கிப் போட்டுத் தருவார்கள். கூட வாழைத்தண்டு சூப். முட்டையைக் கீறி உள்ளே வெங்காயமும் பூண்டும் அடைத்து ஒரு ஐட்டம். அப்படியே வாய்க்குள் போட வேண்டும். நான் போட்டேன். பேச முடியாத அந்த நேரம் பார்த்துக் கேட்டாள்.

"செம்மொழிப் பூங்காவுக்கு யாரோட போறீங்க?"

முட்டை உள்ளே போக மறுத்தது. அவள் பர்ஸைத் திறந்து ஏழு டிக்கெட்டுகளை எடுத்தாள். "துவைக்கும்போது பாக்கெட்ல இருந்தது. புதன், வியாழன், வெள்ளி. எல்லாம் ஆபீஸ் நேரம்."

"தனியாத்தான் போனேன். ஒரு ஆள் டிக்கெட்தானே இருக்கு?"

"வேலைக்குப் போறவளா இருப்பா. அவ டிக்கெட்டை அவளே எடுத்திருப்பா."

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில், சூப் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மிளகாய் ஜாஸ்தி" என்றாள். அப்புறம், "தயிர் சாதத்தை எங்க உட்கார்ந்து சாப்டீங்க?"

"அதான், உனக்குக் காட்டினேனே. அந்த டிரைவ்-இன் பெஞ்ச்."

"அப்போ ஒரு மாசமா ஓட்டலுக்குப் போயிருக்கீங்க. நான் இல்லாம."

அவ்வளவுதான். அதற்கப்புறம் கணக்குப் போட ஆரம்பித்தாள். அவள் ஸ்கூல் டீச்சர். அவள் சம்பளத்தில் வாடகையும் மளிகையும் ஓடும், ஃபீஸுக்கு நகைச் சீட்டை முடித்துவிடலாம், ஆறு மாதம் சமாளிக்கலாம். சனிக்கிழமைக்கு இனி இருநூறு ரூபாய்தான். (அக்டோபரில் அம்பத்தூரில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் கம்மி. இருநூறு ரூபாய் சீலிங்கை அவள் இன்னும் தளர்த்தவில்லை.)

"அந்த சர்வீஸ் சார்ஜுக்கு சண்டை போட்டீங்களே, அப்பவே ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுது. டிக்கெட் சும்மா எக்ஸ்ட்ரா" என்றாள். "சரி, அத்தைகிட்ட எப்ப சொல்லப்போறீங்க?"

"மேஜையில பேசினது வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு ரூல் இருக்கே?"

"மேஜை எங்க இருக்கு? நின்னுக்கிட்டுதானே சாப்பிடறோம்?"

கடைக்காரர், "அக்கா, நூத்தி எண்பது" என்றார். அவள் கொடுத்தாள். எண்ணிக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போனபோது மணி ஒன்பதரை. பெண் தூங்கிவிட்டாள். அம்மா தோசைக்கல்லைப் போட்டு வைத்திருந்தாள். "சாப்டாச்சா?" என்று கேட்டாள். நானும் மனைவியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். "இல்லம்மா" என்று உட்கார்ந்தோம்.

மூன்றாவது தோசையின்போது சொன்னேன்.

அம்மா கரண்டியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மாவை மொண்டு கல்லில் ஊற்றினாள்.

"சரி, இன்னொண்ணு போட்டுக்கோ" என்றாள்.