ஏறி அமர்ந்தவரை இறக்கலாமா?

2012ஆம் ஆண்டு. பிப்ரவரி 19ஆம் நாள். கொல்கத்தாவில் இருந்து கோவாவுக்கு ஒரு விமானம் புறப்பட இருந்தது. அதில் ஜீஜா கோஷ் என்ற பெண்மணி ஏறி அமர்ந்துவிட்டார். கோவாவில் ஒரு மாநாட்டுக்கு அவரை அழைத்திருந்தார்கள். டிக்கெட் முறையாக வாங்கியிருந்தார். ஆனாலும் விமானப் பணியாளர்கள் அவரைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

ஏன் இறக்கினார்கள்?

அவருக்கு மூளை முடக்குவாதம் உண்டு. இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. இது இருப்பவர்களுக்குக் கை, கால் சொன்னபடி கேட்காது. சிலருக்குப் பேச்சு குழறும். அதனால் அறிவு குறைவு என்று ஆகிவிடாது. ஜீஜா கோஷ் நன்கு படித்தவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைப்பவர்.

வழியில் அவர் உடல்நிலை மோசமாகிவிடுமோ என்று பணியாளர்கள் நினைத்தார்களாம். பயம் வரலாம். ஆனால் ஒரு மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்டார்களா? அதுதான் இல்லை. தோற்றத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்கள்.

இதற்கு விமானம்தான் வேண்டும் என்பதில்லை. நம் ஊர்ப் பேருந்திலும் நடக்கிறது. பார்வையற்ற ஒருவர் ஏறுகிறார். கண்டக்டர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "இவர் எங்கே போகணும்?" என்று கேட்கிறார். கண்டக்டர் நல்ல மனிதர்தான். உதவி செய்வதாகவே நினைக்கிறார். கண் தெரியாதவருக்கு வாயும் இல்லை என்று எண்ணிவிட்டோமே என்பது அவருக்குத் தோன்றுவதே இல்லை. வேண்டுமென்று செய்யும் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டலாம். தெரியாமலே செய்வதைப் புரியவைப்பதுதான் கடினம்.

ஜீஜா கோஷ் உச்ச நீதிமன்றம் போனார். நான்கு ஆண்டு காத்திருந்தார். 2016 மே மாதம் தீர்ப்பு வந்தது. அவரை இறக்கியது தவறு, விமான நிறுவனம் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

அதோடு முடிந்ததா? 2022 மே மாதம் ராஞ்சியில் வேறொரு நிறுவனம், மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவனை ஏற்ற மறுத்தது. அவன் மிரண்டுபோய் இருந்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோர் போவார்களா? அவர்களும் போகவில்லை. அரசு அந்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

அதே ஆண்டு ஜூலையில் விதியையும் திருத்தினார்கள். உடற்குறையைக் காட்டி யாரையும் ஏற்ற மறுக்கக் கூடாது. உடல்நிலை மோசமாகும் என்று தோன்றினால், விமான நிலைய மருத்துவர் அந்தப் பயணியை நேரில் பார்க்க வேண்டும். அவர் கருத்தைக் கேட்ட பிறகே நிறுவனம் முடிவு செய்யலாம். அப்போதும் மறுத்தால், காரணத்தை உடனே எழுத்தில் தர வேண்டும்.