நரம்பின் பின்னல் கட்டி

குழந்தையின் உடலில் பழுப்பு நிறப் புள்ளிகள் பல தோன்றினால் இது தொழுநோயோ என்ற அச்சம் பெற்றோருக்கு எழக்கூடும். காலில் வீக்கம் ஒன்று மெல்ல வளர்ந்தால் யானைக்காலோ என்று ஐயுறுவர். இவ்விரண்டுமல்லாத வேறொரு நோயாலும் இக்குறிகள் தோன்றும். அதற்கு நியூரோபைப்ரோமாடோசிஸ் என்று பெயர். நரம்பு நார்க்கட்டி நோய் எனத் தமிழில் கூறலாம். ஏறக்குறைய 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்நோயின் முதல் வகை காணப்படுகிறது. 1882ஆம் ஆண்டில் இதனை விரிவாக எழுதியவர் ரெக்லிங்ஹௌசன் என்னும் ஜெர்மானிய அறிஞர்.

நோயின் காரணம்

உடலின் அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்கும் புரதம் ஒன்று உண்டு. வாய்க்காலுக்கு மதகு எவ்வாறோ அவ்வாறே அது வளர்ச்சியை அடக்கி வைக்கிறது. 17ஆம் குரோமோசோமில் உள்ள, அப்புரதத்தை உண்டாக்கும் மரபணுவை 1990இல் விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். அம்மரபணு பழுதுறின் நரம்புகளைச் சூழ்ந்த உறைகளில் கட்டிகள் தோன்றுகின்றன.

நோயுடையோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தாய் தந்தையர் இருவரும் நோயற்றவராகவே இருப்பர். பழுது புதிதாகத் தோன்றியதாகும். ஆகவே தாயையோ குடும்பத்தையோ பழித்தல் தகாது. இந்நோய் உறவுத் திருமணத்தால் வருவதன்று. தொட்டாலோ உடன் உண்டாலோ தொற்றுவதுமன்று. ஆனால் நோயுடைய ஒருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு.

பின்னல் கட்டியின் இயல்பு

இந்நோயில் தோன்றும் கட்டிகள் இருவகை. தோலின் மேல் சிறு உருண்டைகளாக எழுவன ஒருவகை. நரம்புக் கிளைகள் பலவற்றின் வழியே படர்ந்து பின்னிக் கிடப்பது மற்றொரு வகை. இதனையே மருத்துவர் பிளெக்சிபார்ம் கட்டி என்பர். பயிரின் வேர்களுக்கிடையே அறுகின் வேர் ஓடிப் பின்னிக்கொள்வதைப் போன்றது இது. தொட்டுப் பார்த்தால் பை நிறைய மண்புழுக்கள் இருப்பதுபோல் தோன்றும். மேல்தோல் கறுத்தும் தடித்தும், சில சமயம் மயிரடர்ந்தும் காணப்படும். பெரும்பாலும் பிறவியிலேயே தொடங்கிச் சிறுவயதில் விரைந்து வளரும். உடலின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமலும் வளரக்கூடும்.

கண்டறியும் முறை

1987ஆம் ஆண்டு அமெரிக்காவில் கூடிய மருத்துவ மாநாடு இந்நோய்க்குரிய அடையாளங்களை வகுத்தது. 2021இல் அவை திருத்தப்பட்டன. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

1. பால் கலந்த காப்பியின் நிறமுள்ள புள்ளிகள் ஆறு அல்லது அதற்கு மேல் இருத்தல். சிறுவர்களுக்கு அவை 5 மில்லிமீட்டருக்கு மேலும், பருவமடைந்தோருக்கு 15 மில்லிமீட்டருக்கு மேலும் இருக்க வேண்டும். முன்னது ஒரு குன்றிமணி அளவு. பின்னது ஒரு புளியங்கொட்டை அளவு எனலாம்.
2. அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிறு புள்ளிகள் செறிந்திருத்தல்.
3. நார்க்கட்டிகள் இரண்டு, அல்லது பின்னல் கட்டி ஒன்று இருத்தல்.
4. கண்ணின் கருவிழித் திரையில் சிறு முடிச்சுகள் இருத்தல்.
5. பார்வை நரம்பில் கட்டி இருத்தல்.
6. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு வளைதல் போன்ற எலும்புக் குறைகள்.
7. பெற்றோருள் ஒருவருக்கு இந்நோய் இருத்தல்.

இவற்றுள் இரண்டேனும் காணப்படின் மருத்துவர் நோயைப் பெரும்பாலும் உறுதி செய்வர். ஐயம் நீங்காவிடில் மரபணுப் பரிசோதனை உதவும். கட்டி எவ்வளவு ஆழம் பரவியுள்ளது என்பதை எம்.ஆர்.ஐ. படம் காட்டும். ஓரிரு புள்ளிகள் மட்டும் இருப்பது நலமுடையோரிடத்தும் உண்டு. அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை.

தொழுநோய்த் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி குன்றியிருக்கும். இப்புள்ளிகளில் உணர்ச்சி குறைவதில்லை. யானைக்கால் கொசுவினால் பரவும் புழுவால் உண்டாகி, பல ஆண்டுகள் கழித்தே வீக்கமாக வெளிப்படும். பின்னல் கட்டியோ பிறவியிலோ இளமையிலோ தொடங்கும். எனினும் முடிவு கூறுவது மருத்துவரின் பொறுப்பேயாம்.

அபாய அறிகுறிகள்

பின்னல் கட்டி பெரும்பாலும் புற்றன்று. ஆயினும் இந்நோயுடையோருள் 100க்கு 8 முதல் 13 பேருக்கு வாழ்நாளில் நரம்புறைப் புற்று உண்டாகக்கூடும் என்று கணக்கிட்டுள்ளனர். கட்டியில் ஓயாத வலி, திடீர் வளர்ச்சி, மென்மையாயிருந்தது கெட்டியாதல், கை கால் வலுக்குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். அங்கு படம் எடுத்தும், தேவையாயின் கட்டியின் சிறு துண்டை எடுத்துச் சோதித்தும் உண்மையை அறிவர்.

சிகிச்சை

தொல்லை தராத கட்டியைக் கண்காணித்து வந்தால் போதும். அறுவை சிகிச்சை எளிதன்று. கட்டி நரம்புகளோடு பின்னியிருப்பதுடன் இரத்தக் குழாய்களும் அதில் மிகுதி. ஆகவே கட்டிக்குச் சூடு போடுதலும், அனுபவமற்றோரைக் கொண்டு கீறுதலும் பெருந்தீங்காய் முடியும். அறுவைக்கு இயலாது துன்பந்தரும் கட்டியுடைய, 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்காக 2020இல் செலுமெட்டினிப் என்னும் மருந்தை அமெரிக்க அரசு அனுமதித்தது. 50 குழந்தைகளிடம் நடத்திய சோதனையில் பெரும்பாலோருக்குக் கட்டி ஐந்தில் ஒரு பங்கேனும் சுருங்கிற்று. கட்டியை முற்றிலும் அகற்றும் மருந்தன்று அது, விலையும் மிகுதி.

பஞ்சாயத்தின் கடமை

தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து 18 வயது வரையுள்ளோரைப் பரிசோதிக்கின்றனர். இத்தகைய புள்ளிகளோ வீக்கமோ உள்ள குழந்தையை அன்று மறைத்து வைக்காமல் முன்னிறுத்தும்படி பெற்றோருக்கு அங்கத்தினர்கள் எடுத்துரைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் சீட்டுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லவும், ஆண்டுதோறும் கண்ணையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளவும் துணை நிற்க வேண்டும். இந்நோயுடைய குழந்தைகள் சிலருக்குப் பாடம் கற்பதில் சிரமம் உண்டு. ஆசிரியருக்கு அதனைத் தெரிவித்தல் நன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக, தொற்றாத நோய்க்காக ஒரு குழந்தை பள்ளியிலும் பந்தியிலும் ஒதுக்கப்படாமற் காத்தல் ஊராரின் பொறுப்பு. அதற்குப் பணம் வேண்டுவதில்லை. நோயைப் பற்றிய தெளிவு இருந்தாற் போதும்.