மூன்று கொடிகள் கண்ட வேட்டைக் கப்பல்

1945 மே 5. ஐரோப்பாவில் போர் முடிய இன்னும் மூன்றே நாள். தாக்குதலை நிறுத்தச் சொல்லி ஜெர்மனியின் அட்மிரல் டோனிட்ஸ் தன் நீர்மூழ்கிகளுக்கு முந்தைய நாளே உத்தரவு அனுப்பிவிட்டார். ஆனாலும் அன்று மாலை, அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் கரையோரம் நிலக்கரி ஏற்றிச் சென்ற ‘பிளாக் பாயிண்ட்’ கப்பலின் பின்பகுதி டார்பிடோ பட்டுப் பிய்ந்துபோனது. 12 பேர் இறந்தார்கள். சுட்டது யு-853 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி. நிறுத்தச் சொன்ன உத்தரவு அதற்கு எட்டவில்லையோ, எட்டியும் மதிக்கவில்லையோ, சொல்வதற்கு அதில் ஒருவரும் மிஞ்சவில்லை.

வேட்டைக்கு வந்த கப்பல்களில் ஒன்று ‘அதர்டன்’. இருட்டிய பிறகு முதலில் எதிரொலியைப் பிடித்தது அதுதான். இந்தக் கட்டுரை அதன் ஆயுளைப் பற்றியது. அன்றைய இரவு அதற்கு ஒன்றே முக்கால் வயது. 2018-ல் வேறொரு நாட்டில், வேறொரு பெயரில் அது ஓய்வு பெற்றது.

தண்ணீருக்குள் ரேடார் உதவாது. ரேடியோ அலைகளைக் கடல் விழுங்கிவிடும். ஒலி மட்டும் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் வெகுதூரம் போகும். கப்பலின் அடியிலிருந்து ஒரு ‘பிங்’ ஒலியை அனுப்பிவிட்டு, காதில் ஹெட்போனோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எதிரொலி வர இரண்டு விநாடி ஆனால், எதிரில் உள்ள பொருள் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கணக்கு அவ்வளவு எளிது. எதிரொலித்தது என்ன என்று அறிவதுதான் கடினம். பாறையும் எதிரொலிக்கும், மீன் கூட்டமும் எதிரொலிக்கும். அந்தக் கடற்பகுதியில் முன்பே மூழ்கிய கப்பல்களும் தரையில் கிடந்தன. இங்கேதான் அனுபவமுள்ள காது வேண்டும். எதிரில் உள்ள பொருள் நம்மை நோக்கி நகர்ந்தால் திரும்பி வரும் ஒலியின் சுருதி சற்றே ஏறும், விலகிப் போனால் சற்றே இறங்கும். டாப்ளர் விளைவு. பாறைக்கு இந்தச் சுருதி மாற்றம் கிடையாது. ஓடாமல் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்ட நீர்மூழ்கிக்கும் கிடையாது. யு-853 அந்த உத்தியைத்தான் நம்பியது. அங்கே ஆழம் ஏறத்தாழ 40 மீட்டர்தான்.

ஆயுதத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. டெப்த் சார்ஜ் என்பது குறிப்பிட்ட ஆழத்தின் நீரழுத்தம் பட்டதும் வெடிக்கும் பீப்பாய்க் குண்டு. அதைக் கப்பலின் பின்புறத்திலிருந்து உருட்டிவிடுவார்கள், பக்கவாட்டிலும் எறிவார்கள். ஆனால் எதிரொலியைத் தேடும் அந்தக் கருவி, அதாவது சோனார், பார்ப்பதோ முன்பக்கம். கப்பல் இலக்கை நெருங்க நெருங்க, நீர்மூழ்கி ஒலிக்கற்றைக்குக் கீழே நழுவிவிடும். ஆகக் கடைசிச் சில நூறு மீட்டர் குருட்டாட்டம். குண்டு வெடித்த பின் தண்ணீர் கொந்தளித்துக் குமிழியாக நிற்பதால், சில நிமிடங்களுக்குக் கப்பலுக்குக் காதும் கேட்காது. தேர்ந்த நீர்மூழ்கித் தளபதிகள் தப்பித்ததெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

இதற்கு மாற்றாகப் பிரிட்டிஷார் கண்டுபிடித்தது ‘ஹெட்ஜ்ஹாக்’. 24 சிறு குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் இருநூறு மீட்டருக்கும் அப்பால் ஒரே மூச்சில் வீசும் கருவி. எதிலாவது மோதினால்தான் அவை வெடிக்கும். குறி தப்பினால் சத்தமில்லை, எனவே சோனார் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆழமற்ற கடலில் மட்டும் தரையில் பட்டும் வெடித்துத் தொலைக்கும்.

அதர்டன் இரண்டையும் பயன்படுத்தியது. ‘மோபர்லி’ என்ற இன்னொரு கப்பலும் சேர்ந்துகொள்ள, இரவு முழுக்கத் தாக்குதல் நீடித்தது. விடிந்தபோது எண்ணெய்ப் படலமும் மரத்துண்டுகளும் நீர்மூழ்கித் தளபதியின் தொப்பியும் மிதந்தன. உள்ளே இருந்த 55 பேரும் இறந்துவிட்டார்கள். முக்குளிப்பவர்கள் இன்றும் அந்தச் சிதைவைத் தேடிப் போகிறார்கள்.

அதர்டன் ஒன்றும் பெருமைக்குரிய கப்பலாகக் கட்டப்பட்டதல்ல. அவசரத்துக்குக் கட்டப்பட்டது. நியூஜெர்சியின் நெவார்க்கில் 1943 ஜனவரியில் வேலை தொடங்கி, மே மாதம் தண்ணீரில் இறக்கி, ஆகஸ்டில் கடற்படையில் சேர்த்துவிட்டார்கள். ‘கேனன்’ வகையைச் சேர்ந்த இதுபோன்ற 72 கப்பல்கள் வந்தன. நீளம் 93 மீட்டர், வேகம் 21 நாட், அதாவது மணிக்கு 21 கடல் மைல். அன்றைய நீர்மூழ்கி தண்ணீருக்கடியில் ஏழு எட்டு நாட்தான் ஓடும் என்பதால் இந்த வேகம் தாராளம்.

இதன் எந்திர அமைப்புக்கு ஒரு கதை உண்டு. வேகமாகச் சுழலும் எந்திரத்தின் ஓட்டத்தை, மெதுவாகச் சுழல வேண்டிய புரொப்பெல்லருக்கு மாற்றப் பெரிய பல்சக்கரங்கள் வேண்டும். அவற்றைத் துல்லியமாக வெட்டும் தொழிற்சாலைகள் போர்க்காலத்தில் திணறிப்போயின. எனவே பல்சக்கரத்தையே தவிர்த்தார்கள். நான்கு டீசல் எந்திரங்கள் மின்சாரம் தயாரிக்கும், அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் புரொப்பெல்லரைச் சுழற்றும். தட்டுப்பாட்டில் பிறந்த இந்த ஏற்பாடுதான் கப்பலை நெடுங்காலம் ஓடவைத்தது என்பது என் எண்ணம். நீராவிக் கொதிகலன் கிடையாது. சாதாரண டீசல் மெக்கானிக்குக்குப் புரிகிற எந்திரம்.

போர் முடிந்ததும் அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதை ஃப்ளோரிடாவில் கட்டிப்போட்டுவிட்டார்கள். பத்தாண்டு சும்மா நின்றது. 1955 ஜூனில் ஜப்பானுக்குப் போனது. பத்தாண்டுக்கு முன் எதிரி, இப்போது கூட்டாளி. பெயர் ‘ஹட்சுஹி’ என்று மாறியது. யு-853 வேட்டையில் உடனிருந்த ‘அமிக்’ என்ற சகோதரக் கப்பலும் கூடவே போய் ‘அசாஹி’ ஆனது.

அதே 1955 ஜனவரியில்தான், அணுசக்தியில் ஓடும் முதல் நீர்மூழ்கியான ‘நாட்டிலஸ்’ கடலில் ஓடத் தொடங்கியது. தண்ணீருக்கடியிலேயே 20 நாட் வேகத்துக்கு மேல் ஓடும், காற்று வாங்க மேலே வரவேண்டிய தேவையில்லை. 21 நாட் கப்பல் அதை எப்படித் துரத்தும்? கப்பலுக்கு அப்போது 12 வயதுதான். தகடு கெட்டியாக இருந்தது, எந்திரம் நன்றாக ஓடியது. ஆனால் எந்த வேட்டைக்காகக் கட்டினார்களோ அந்த வேட்டையில் அது பின்தங்கிவிட்டது. செகண்ட் ஹேண்ட் போர்க்கப்பலின் வயதைத் துருவை வைத்துக் கணிப்பது தவறு. எதிரில் இருக்கும் நீர்மூழ்கியை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

துரு இருக்கவே இருக்கிறது. உப்புத் தண்ணீரில் வெண்கலப் புரொப்பெல்லரும் எஃகு உடம்பும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. இதில் கரைந்துபோவது எஃகு. அதைத் தடுக்க அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். எஃகை முந்திக்கொண்டு துத்தநாகம் கரையும். கரைந்த கட்டியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கப்பலை டிரை டாக்கில் ஏற்றியதும் தகட்டின் கனத்தை அளப்பது மீயொலிக் கருவியால். வெளிப்பக்கம் வைத்த கருவியின் ஒலி, தகட்டின் உட்பக்கத்தில் பட்டுத் திரும்ப எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். நீர்மூழ்கியைத் தேடப் பயன்பட்ட அதே எதிரொலிக் கணக்கைக் கிழட்டுக் கப்பலின் உடம்பிலேயே போட்டுப் பார்க்கிறார்கள்.

இருபதாண்டு கழித்து ஜப்பான் திருப்பித் தந்ததும், அதைத் தென்கொரியாவில் பழுதுபார்த்து 1980-ல் பிலிப்பைன்ஸ் தன் கடற்படையில் சேர்த்தது. 1521-ல் மகெல்லனை வரவேற்ற செபு மன்னரின் பெயரில் அது ‘ராஜா ஹுமாபோன்’ ஆனது. அமிக்கும் அங்கே வந்து சேர்ந்து 1989 வரை ஓடியது. உதிரிபாகம் செய்வதை நிறுத்திவிட்ட எந்திரங்களுக்குச் சகோதரக் கப்பல்தான் கிடங்கு. பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்கள் ஒரே மாடலில் இரண்டு வாங்கிப்போடுவார்களே, ஒன்று ஓட்ட, ஒன்று கழற்ற, அதே கதைதான்.

உதிரிபாகமாகக் கழற்றி மாட்ட முடியாதது ஒன்று உண்டு. சோனாரில் உட்காரும் ஆளின் பழக்கம். வெப்பமண்டலக் கடலில் அது இன்னும் முக்கியம். மதிய வெயிலில் மேல்நீர் சூடாகும்போது ஒலி நேர்க்கோட்டில் போகாமல் குளிர்ந்த கீழ்நீரை நோக்கி வளைகிறது. காலையில் நன்றாகக் கேட்ட அதே சோனார் பிற்பகலில் மந்தமாகிவிடும். இந்தக் குணத்தை அறிய நீர்மூழ்கியோடு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். பிலிப்பைன்ஸ் கடற்படையிடம் நீர்மூழ்கியே இல்லை. கடைசி ஆண்டுகளில் ராஜா ஹுமாபோன் பார்த்தது ரோந்து வேலைதான். தென்சீனக் கடலில் சீனாவோடு உரசல் முற்றிய 2011 ஜூனில், தகராறுக்குரிய ஸ்கார்பரோ திட்டுப் பக்கம் அதை அனுப்புவதாகப் பிலிப்பைன்ஸ் அறிவித்தது. உலகப் போர்க்காலக் கப்பலை அனுப்புகிறார்களே என்று செய்தியாளர்கள் வியந்தார்கள். என் பார்வையில், கொடி காட்டுவதற்கு வயது ஒரு தடையில்லை.

பழைய கப்பல் என்றால் உதவாது என்றும் சொல்லிவிட முடியாது. 1971 டிசம்பரில், இந்திய-பாகிஸ்தான் போரின்போது, விசாகப்பட்டினத் துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஐ.என்.எஸ். ராஜ்புத், 1942-ல் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து 1949-ல் இந்தியா வந்த கிழம். தண்ணீரில் சந்தேகம் தட்டியதும் டெப்த் சார்ஜ்களைப் போட்டது. அதில்தான் பாகிஸ்தானின் நீர்மூழ்கி ‘காஜி’ மூழ்கியது என்கிறது இந்தியா. உள்ளே நடந்த விபத்து, கண்ணிவெடி என்று வேறு காரணங்கள் சொல்கிறது பாகிஸ்தான். காஜியும் அமெரிக்காவிடமிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் நீர்மூழ்கிதான். அது தேடி வந்தது இந்தியாவின் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த்தை. விக்ராந்த்தோ அதற்குள் சென்னையை விட்டு அந்தமான் பக்கம் போய்விட்டிருந்தது. ஒரே தலைமுறையைச் சேர்ந்த இரண்டு பழைய கப்பல்கள், ஆழம் குறைந்த துறைமுக வாசலில். அங்கே பழைய ஆயுதம் போதும்.

ராஜா ஹுமாபோனை 2018 மார்ச்சில் ஓய்வுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் என மூன்று கடற்படைகளில், தண்ணீரில் இறங்கி 75 ஆண்டு. இதில் நீர்மூழ்கியோடு மோதி வென்றது ஒரே ஒரு இரவு. அடுத்த ஆண்டு, நீர்மூழ்கியைக் கண்டறியும் சோனாரும் டார்பிடோவும் கொண்ட கப்பல் ஒன்றைப் பிலிப்பைன்ஸ் பெற்றது. ‘கான்ராடோ யாப்’ என்ற அதுவும் தென்கொரியா முப்பதாண்டு ஓட்டிவிட்டுக் கொடுத்ததுதான். 2020-ல்தான் ‘ஹோசே ரிசால்’ என்ற புத்தம்புதுக் கப்பல் வந்தது.

அதர்டன் எப்படியிருந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனிக்குப் போனால் ஹட்சன் ஆற்றில் நிற்கும் ‘ஸ்லேட்டர்’ கப்பலில் ஏறலாம். அதே கேனன் வகை, 1945-ல் இருந்த கோலத்தில் சீரமைத்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். ஹெட்ஜ்ஹாக் முன்தளத்தில் இருக்கிறது. அதுவும் நாற்பதாண்டு கிரேக்கக் கடற்படையில் ஓடிவிட்டு 1993-ல் அமெரிக்கா திரும்பிய கப்பல்.