பாதாளத்தை அளக்கும் கருவிகள்: நாடா, விளக்கு, உடல்

நகரத்தின் வரைபடம் என்று நாம் சொல்வது அதன் மேல்தோலின் வரைபடம்தான். கீழே இன்னொரு நகரம் இருக்கிறது. அதை வரைய எந்தக் கருவியைக் கையில் எடுக்கிறோமோ, அதுவே அங்கே யார் தெரியவேண்டும், யார் தெரியவேண்டாம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. கருவிக்கு ஏது அரசியல் என்பவர்கள் பாரிஸின் அடியில் கொஞ்சம் நடந்துவரலாம்.

பாரிஸ் தன் வயிற்றைத் தானே தோண்டித் தின்று வளர்ந்த ஊர். வீடு கட்டச் சுண்ணாம்புக் கல்லை அடியிலிருந்தே வெட்டினார்கள். எங்கே வெட்டினோம் என்று கணக்கு வைக்கவில்லை. 1774இல் ஒரு தெருவின் நீண்ட பகுதி அப்படியே உள்ளே போனது. 1777இல் அரசு ஒரு சுரங்க ஆய்வுத்துறையை ஏற்படுத்தி, கியோமோ என்ற கட்டடக் கலைஞரைப் பொறுப்பாக்கியது. தெருக்களுக்கு நேர்கீழே நடைவழி வெட்டி, மேலேயுள்ள தெருவின் பெயரைச் சுவரில் செதுக்கினார்கள். மேலே பெயர் மாறிப்போன தெருக்கள் கீழே பழைய பெயரிலேயே இருக்கின்றன. தாங்குசுவர்களில் ஓர் எண், ஆய்வாளர் பெயரின் முதலெழுத்து, ஆண்டு. 'ஜி' என்றால் கியோமோ. கல் சுமந்தவனுக்கு எழுத்து கிடையாது.

அளக்கிற முறை ரொம்ப எளிது: திசைகாட்டி, அளவுநாடா, சரிவுமானி. ஒரு புள்ளியில் நின்று, அடுத்த புள்ளி எவ்வளவு தூரம், எந்தத் திசை, எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று மூன்று எண்களைக் குறித்துக்கொண்டு நகரவேண்டும். ஒவ்வொரு புள்ளியின் பிழையும் அடுத்ததன் தலையில் ஏறும். அதனால் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிப்பார்கள். தாளில் இரண்டு முனையும் சேராமல் நிற்கிற இடைவெளி எவ்வளவு தப்பு செய்திருக்கிறோம் என்று காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் இரும்பிருந்தால் காந்தமுள் பொய் சொல்லும். செயற்கைக்கோளின் சமிக்ஞை 20 மீட்டர் பாறைக்குக் கீழே எட்டாது. கைபேசியில் வழிபார்த்துப் பழகினவன் அங்கே திக்குத் தெரியாமல் நிற்பான். இன்று லேசர் தூரமானிக்குள்ளேயே திசைகாட்டியும் சரிவுமானியும் சேர்ந்து வந்துவிட்டன. நடந்துகொண்டே சுவர்களை லட்சக்கணக்கான புள்ளிகளாக வாரியெடுக்கும் லிடார் கருவியும் உண்டு. நடக்க நடக்க அதற்கும் பிழை சேரும். சுற்றி வந்த இடத்துக்கே திரும்பினால்தான் சரிசெய்துகொள்ளும். இந்த விஷயத்தில் பழைய நாடாவைவிட அது ஒன்றும் பெரிய புத்திசாலி இல்லை. 1955இல் பொதுமக்கள் இறங்கத் தடை வந்தது. திருட்டுத்தனமாக இறங்குகிறவர்கள் தாங்களே அளந்து, தங்கள் வரைபடங்களைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். அரசுக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் கருவி வெளிச்சம். 1786 முதல் நகரத்துக் கல்லறைகளின் எலும்புகளை இந்தச் சுரங்கத்தின் ஒரு பகுதியில் கொண்டுவந்து கொட்டினார்கள். நதார் என்ற புகைப்படக்காரர் 1860களின் தொடக்கத்தில் மின்கல அடுக்கும் மின்வில் விளக்கும் கொண்டு அந்த எலும்புக் கிடங்கைப் படமெடுத்தார். பிறகு சாக்கடைகளையும் எடுத்தார். ஒரு படத்துக்கு 18 நிமிடம்வரை ஒளி விழவேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் எந்த மனிதன் அசையாமல் நிற்பான்? எலும்புவண்டி இழுக்கிற தொழிலாளியின் இடத்தில் உடுப்பு மாட்டிய பொம்மையை நிறுத்தினார். வால்டர் பெஞ்சமின் நதாரின் சாக்கடைப் படங்களைப் பற்றி, காமிராவின் கண்ணுக்குக் கண்டுபிடிக்கும் வேலை முதன்முதலாகத் தரப்பட்டது என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். சரிதான். எதைக் கண்டுபிடித்தது என்பதல்லவா கேள்வி. உழைக்கிற உடல் அசைகிற உடல்; அசைகிற உடலை அந்தக் கருவியால் பார்க்க முடியவில்லை.

வெளிச்சத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பிராணவாயு குறைந்தால் மெழுகுவர்த்திச் சுடர் மங்கும், அணையும். எல்இடி விளக்கோ விஷக்காற்றிலும் பளிச்சென்று எரியும். ஆகவே காற்றை அளக்கத் தனிக் கருவி வேண்டும்: பிராணவாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, தீப்பற்றும் வாயு நான்கையும் காட்டுகிற கையடக்கக் கருவி. மூக்கை நம்பக்கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் முகரும் சக்தியைத்தான் முதலில் கொல்லும். நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைக்கும்போது விஷம் ஏறிக்கொண்டிருக்கும்.

நம் ஊர்ப் பாதாளச் சாக்கடையில் இந்தக் கருவியின் வேலையை யார் பார்க்கிறார்கள்? முதலில் இறங்குகிறவன். அவன் மயங்கி விழுந்தால் வாயு இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம். தூக்கப் போன இரண்டாமவனும் விழுந்தான் என்பது செய்தித்தாளின் வழக்கமான வரி. இறங்குகிறவன் என்ன சாதி என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. அவசரம் என்றாலும் அது குற்றமாகவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவுக்கு அப்போது 10 லட்சம். 2023இல் 30 லட்சமாக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் இறங்குகிறார்கள்.

மேன்ஹோல் மூடியைத் திறந்து, காற்றாட விட்டு, கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று ஒவ்வோர் ஆழத்திலும் இறக்கிப் பார்க்கவேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். விளிம்பில் குனிந்து முகர்ந்துவிட்டு 'ஒண்ணுமில்ல, எறங்கு' என்கிற மேஸ்திரியின் மூக்குக்கு அது எட்டுவதில்லை.