பேரவைத் தலைவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

உங்கள் கல்லூரியின் மாணவர் பேரவைத் தலைவர் யார் என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடுவீர்கள். அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? இந்த ஆண்டு பேரவையின் கைக்கு எவ்வளவு பணம் வந்தது? அதில் மிச்சம் எவ்வளவு? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்த மாணவர்கள் குறைவு. எழுநூறு, எண்ணூறு பேர் படிக்கும் சின்னக் கல்லூரியிலும் இதுதான் நிலை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் இது மட்டும் ஏன் தெரியாமல் போகிறது? தெரிந்துகொள்ள விதிகள் என்ன வழி வைத்திருக்கின்றன?

தமிழ்நாட்டில் பல கல்லூரிகளில் பேரவைக்குத் தேர்தல் கிடையாது. கல்லூரி திறந்து சில வாரங்களில் முதல்வர் அறையிலிருந்து ஒரு பட்டியல் வரும். இறுதியாண்டில் நல்ல மதிப்பெண் வாங்குபவர், ஆசிரியர்களிடம் பணிவாக நடப்பவர், மைக்கைக் கண்டு தயங்காதவர் என்று பார்த்துத் தலைவர், செயலர், பொருளாளர் ஆகியோரை நியமிப்பார்கள். பதவியேற்பு விழா நடக்கும். உறுதிமொழி எடுப்பார்கள், சட்டையில் பேட்ஜ் குத்துவார்கள், சிறப்பு விருந்தினர் பேசுவார். பிறகு ஆண்டு முழுதும் விழாவுக்கு நாற்காலி போடுவதும் வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்பதும்தான் அவர்கள் வேலை. அந்தப் பிள்ளைகள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மனமாரப் பாடுபடுகிறவர்கள் அவர்களில் நிறையப் பேர். ஆனால் நியமிக்கப்பட்டவர், தன்னை நியமித்தவருக்குத்தான் பதில் சொல்வார். விடுதியில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால், அதை மேலே கொண்டுபோகும் ஆளாக இருக்க வேண்டியவர், "கொஞ்சம் பொறுத்துக்கங்க, சார் பார்த்துக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்று கீழே சமாதானம் சொல்லும் ஆளாக மாறிவிடுகிறார்.

இந்த நியமன முறைக்கு விதிகள் எவ்வளவு காலம் இடம் கொடுக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. அந்த விதிகள் பிறந்த கதை இது. கேரளப் பல்கலைக்கழகத்துக்கும் அங்குள்ள கல்லூரி முதல்வர்களின் கவுன்சிலுக்கும் இடையே நடந்த ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாணவர் தேர்தல்களை எப்படி நடத்துவது என்று ஆராய, நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. தலைவர், ஓய்வுபெற்ற தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ. 2002-இல் ஜம்மு காஷ்மீரிலும் குஜராத்திலும் பெரும் நெருக்கடிக்கு நடுவே சட்டமன்றத் தேர்தல்களை நடத்திக் காட்டியவர் அவர். குழுவின் அறிக்கை 2006 மே மாதம் வந்தது. அதன் பரிந்துரைகளை இடைக்கால ஏற்பாடாகப் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22 அன்று உத்தரவிட்டது. மாணவர் தேர்தல் பற்றிய பேச்சில் "லிங்டோ விதிகள்" என்று சொல்வது இவற்றைத்தான்.

கல்லூரிகள் வழக்கமாகத் தேர்தல் நடத்தியே மாணவர் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அறிக்கை. அமைதியாக நடத்த முடியாத சூழல் இருந்தால் நியமனம் செய்யலாம், ஆனால் அது தற்காலிகம். 5 ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும். நியமிக்கும்போதும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நியமிப்பது சரியல்ல என்றும் அறிக்கை சொல்கிறது. பேரவையில் ஆசிரியரோ நிர்வாகத்தில் இருப்பவரோ எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது, உறுப்பினராகவும் இருக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. மாணவர் எண்ணிக்கை குறைந்த, ஒரே வளாகத்தில் அடங்கும் இடங்களில் எல்லா மாணவரும் நேரடியாக வாக்களிக்கலாம். வளாகம் பெரிதாக இருந்தால் வகுப்புப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வழியாக நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். சின்னக் கல்லூரிக்கு நேரடித் தேர்தல்தான் பொருத்தம் என்பது என் எண்ணம். எண்ணூறு வாக்குச் சீட்டுகளை ஒரு பிற்பகலில் எண்ணிவிடலாம்.

போட்டியிடும் தகுதிகள் பெரும்பாலும் தெரிந்தவைதான். இளநிலை மாணவருக்கு வயது 17 முதல் 22 வரை. அந்த ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. குறைந்தது 75 விழுக்காடு வருகைப் பதிவு வேண்டும். குற்ற வழக்கிலோ கல்லூரியின் ஒழுங்கு நடவடிக்கையிலோ சிக்கியிருக்கக் கூடாது. வேட்புமனுவிலிருந்து முடிவு அறிவிப்பு வரை எல்லாம் 10 நாளுக்குள் முடிய வேண்டும். அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியவை மட்டும்.

இவற்றினூடே ஒரு விதி இருக்கிறது. நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம். நல்ல விதிதான். ஒரே ஆள் ஆண்டுக்கணக்கில் பதவியில் உட்கார்ந்திருப்பதைத் தடுக்கிறது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் சரியாக வேலை செய்யாவிட்டால், அடுத்த தேர்தலில் ஊர் பார்த்துக்கொள்ளும். பேரவைத் தலைவருக்கு அடுத்த தேர்தலே கிடையாது. மார்ச், ஏப்ரலில் தேர்வு எழுதிவிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் மாணவர் தலைமையில் பொறுப்பு என்பது பதவிக்காலத்துக்குள்ளேயே, மாதா மாதம், எழுத்தில் நடக்க வேண்டிய காரியம். ஆண்டு முடிந்தபின் கேட்கலாம் என்று விட்டால் கேட்பதற்கு ஆளே இருக்க மாட்டார்.

இனி பணத்துக்கு வருவோம். லிங்டோ விதிகளில் தேர்தல் செலவுக்கு ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. அரசியல் கட்சியிடம் பணம் வாங்கக் கூடாது. மாணவர்கள் விரும்பித் தருவதை மட்டும் வாங்கலாம். முடிவு அறிவித்த 2 வாரத்துக்குள், தணிக்கை செய்த முழுக் கணக்கையும் வேட்பாளர் கல்லூரியிடம் கொடுக்க வேண்டும். கொடுத்த 2 நாளுக்குள் கல்லூரி அதை எந்த மாணவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கணக்குக் கொடுக்காவிட்டாலும் வரம்பை மீறினாலும் அந்தத் தேர்தல் செல்லாது. யாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அலுவலகத்தில் கோப்புக்குள் கிடக்கும் கணக்கு மாணவருக்கு எந்த விதத்திலும் உதவாது.

ஆனால் இந்த விதி பேசுவது தேர்தல் செலவைப் பற்றி. அதைவிடப் பெரிய பணம் அதற்குப் பிறகுதான் புரளும். கல்விக் கட்டணத்தோடு சேர்த்து வாங்கும் பேரவைக் கட்டணம், கலை விழாவுக்குக் கடைவீதியில் ஏறி இறங்கி வாங்கும் நன்கொடை, ஜவுளிக்கடையும் நகைக்கடையும் பேனர் போடச் சொல்லித் தரும் ரொக்கம், தலைக்கு இவ்வளவு என்று வகுப்பில் பிரிக்கும் வசூல். பேரவைக் கட்டணம் கல்லூரி அலுவலகக் கணக்கில் இருக்கும். மற்றவை பெரும்பாலும் யாராவது ஒரு மாணவரின் சட்டைப் பையிலோ ஜிபே கணக்கிலோ இருக்கும். சிக்கல் தொடங்குவது இங்கேதான். சின்னக் கல்லூரியில் பெரும்பாலும் அது திருட்டாகத் தொடங்குவதில்லை. சவுண்ட் சர்வீஸ்காரருக்கு முன்பணம், ஆட்டோ வாடகை, டீ, வடை என்று கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். ரசீது இருக்காது. தன் பணம் எவ்வளவு, பொதுப் பணம் எவ்வளவு என்று அந்தப் பையனுக்கே மறந்துபோகும். பிறகு யாராவது கேட்டால் கோபம் வரும். கேட்டவர்களும் "நம்ம பையன்தானே" என்று விட்டுவிடுவார்கள்.

நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது துறை மன்றத்துக்குப் பொருளாளராக இருந்தேன். முந்தைய பொருளாளர் என்னிடம் ஒப்படைத்தது ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே கசங்கிய துண்டுச்சீட்டுகள் சிலவும் 340 ரூபாயும் இருந்தன. எதிலிருந்து மிஞ்சிய பணம் என்று அவருக்கும் தெரியவில்லை. நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு என்று எழுதத் தொடங்கினேன். துறை விழா முடிந்த மறுவாரம், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் எல்லோர் முன்னாலும் எழுந்து, "அண்ணா, எங்க வகுப்பில வாங்கின பணம் மொத்தம் எவ்வளவு, எதுக்குச் செலவாச்சு?" என்று கேட்டாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. என்னைச் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்தேன். நோட்டை எடுத்து வாசித்தேன். ஒரு இடத்தில் பேனர் செலவை இரண்டு முறை எழுதியிருந்தேன். அவள்தான் அதைக் கண்டுபிடித்தாள். 250 ரூபாய் வித்தியாசம். அன்றைக்கு அவள் கேட்காமல் இருந்திருந்தால், அந்த 250 ரூபாய் பிறகு வேறு யார் வாயிலாவது என் பெயரோடு சேர்ந்து புறப்பட்டிருக்கும். கணக்குக் கேட்பது ஆளைச் சந்தேகிப்பது ஆகாது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

நம் ஊர்களுக்கு இது புதிதும் இல்லை. தென்மாவட்டங்களில் கோயில் கொடை முடிந்ததும் ஊர்க்கூட்டம் போட்டு, வரி எவ்வளவு வந்தது, வில்லுப்பாட்டுக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று வாசிப்பார்கள். ஒரு பெரியவர் எழுந்து பூ வாங்கிய கணக்கில் குறுக்குக் கேள்வி கேட்பார். கணக்கு வாசித்தவர் பதில் சொல்வார். அதற்காக யாரும் யாரிடமும் பேசாமல் இருப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளைகள்தான் கல்லூரிக்கு வந்ததும் கணக்குக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள்.

கூச்சம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பயமும் இருக்கிறது. சின்னக் கல்லூரியில் பேரவைக்கு ஆலோசகராக இருக்கும் ஆசிரியரே உங்களுக்குப் பாடம் எடுப்பார், இன்டெர்னல் மதிப்பெண்ணும் போடுவார். அவர் பொறுப்பில் நடந்த விழாவின் கணக்கைக் கேட்டால் மதிப்பெண்ணில் கை வைப்பாரோ என்று மாணவர் நினைப்பதில் தப்பில்லை. நல்ல ஆசிரியர்கள் இதை உணர்ந்து, யாரும் கேட்கும் முன்பே கணக்கை வெளியிடச் செய்கிறார்கள். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று நம்பி ஒரு முறையை நடத்த முடியாது. அதனால் கேள்வியைத் தனியாளாகக் கேட்காமல் வகுப்பாகக் கேளுங்கள். நாற்பது பேர் கையெழுத்திட்ட கடிதத்தில் யாருடைய மதிப்பெண்ணைக் குறைப்பது?

தேர்தல் தொடர்பான புகார்களுக்கு லிங்டோ விதிகளில் குறைதீர் குழு ஒன்று உண்டு. மாணவர் நலனுக்குப் பொறுப்பான டீன் அல்லது ஆசிரியர் அதன் தலைவர். மூத்த ஆசிரியர் ஒருவர், நிர்வாக அலுவலர் ஒருவர், இறுதியாண்டு மாணவர் ஒருவர், மாணவி ஒருவர் என நால்வர் உறுப்பினர். முடிவு வந்த 3 வாரத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். மற்றக் குறைகளுக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாளுக்குள் அது தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் நியாயம் கிடைக்காவிட்டால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் போட்டால், பேரவைக் கட்டணமாக வாங்கிய தொகை எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதற்கு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இன்னொரு விதியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கல்லூரியில் மாணவர் தேர்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லும் நிர்வாகங்களும் தேர்தல் நடத்தியே ஆக வேண்டிய இடம் அது. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவைப் பற்றி மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. புகார் மாணவர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் குழுவில் 3 மாணவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் வெளிப்படையான ஜனநாயக முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. டீன், துறைத் தலைவர் போன்ற உயர்பொறுப்பில் இருப்பவர்கள் அந்தக் குழுவில் இருக்கவே கூடாது என்றும் சொல்கிறது. ஒரு முதலாமாண்டு மாணவி தன் துயரத்தைச் சொல்ல வரும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவப் பிரதிநிதி நிர்வாகத்தின் ஆளா, தன் ஆளா என்ற கேள்வி அவளுக்கு உயிர்க்கேள்வி. அந்த மூன்று பேரைக் கையைக் காட்டி நியமிப்பது விதிமீறல்.

பேரவைத் தேர்தலில் வென்றவர் நடுவில் விலகினால் என்ன செய்வது என்பதற்கும் லிங்டோ விதிகளில் வழி இருக்கிறது. முக்கியப் பதவி தேர்தல் முடிந்த 2 மாதத்துக்குள் காலியானால் மறுதேர்தல், அதற்குப் பிறகு என்றால் துணைத் தலைவர் தலைவராகவும் இணைச் செயலர் செயலராகவும் ஆகலாம். பதவியை ஒப்படைக்கும்போது நோட்டு, ரசீதுகள், கையிருப்பு, யாருக்காவது தர வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இது எந்த விதியிலும் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உங்கள் பேரவையிலேயே தீர்மானமாகப் போட்டுவிடுங்கள்.

நீங்கள் படிக்கும் கல்லூரியில் தேர்தல் நடக்கவில்லை என்றால், அது நடக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். போன கலை விழாவின் வரவு செலவைக் கேட்டு உங்கள் வகுப்பு சார்பில் பேரவைச் செயலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நகல் ஒன்றை முதல்வருக்குக் கொடுங்கள். பணத்தைக் கையாளும் பொறுப்பில் நீங்களே இருந்தால், யாரும் கேட்பதற்கு முன்னால் இந்த வாரமே ஒரு தாளில் கணக்கை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.