அரைத்த றிம்மும் வழுக்காத தடையும்

காலூன்றாது பாறைகளிற் பாய்ந்தேறும் துவிச்சக்கரவண்டி 'ட்றயல்ஸ்' விளையாட்டு 1970களில் ஸ்பெயினில் உருப்பெற்றது. பின்சில்லில் மாத்திரம் நின்று அடுத்த பாறைக்குத் தாவுமுன் அச்சில்லு அணுவளவும் உருளலாகாது. வழுவழுப்பான அலுமினிய றிம்மோ ஈரம்பட்டால் தடைக்கட்டையை வழுக்கவிடும். ஓட்டுபவர் பாறையில் வீழ்வார்.

ஆகவே, றிம்மின் பக்கச் சுவர்களை மின்சாரத்தாற் சுழலும் சாணைத்தட்டினால் மெல்லத் தொட்டுத்தொட்டுக் கீறுவர். கீறல்களின் நுண்ணிய முனைகள் கட்டையிற் பதிந்து கவ்வுகின்றன. வகுப்பில் நாம் கற்ற உராய்வு விதியுள் இக்கவ்வல் முற்றாக அடங்காது. (தார் பூசுவோரும் உளர், மழையில் அது பயன்படாது.) ஓசை காதைத் துளைக்கும், கட்டையும் விரைவில் தேயும்.

முனைகள் மழுங்கியதும் மீண்டும் அரைத்தல் வேண்டும். அரைக்குந்தோறும் சுவர் மெலிகின்றது. மிக மெலிந்த சுவர் டயரின் காற்றழுத்தத்தைத் தாங்காது பிளந்துவிடும். ஆதலின், அனுபவமுடையோர் ஆழமாகக் கீறார், நெருக்கமாகவே கீறுவர்.