உங்களுக்குத் தெரியுமா? டிக்கெட் இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்!

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளிலிருந்து ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போகிறவரா நீங்கள்? விடுமுறை நாளில் ஒசாகாவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள்.

அங்கே 2021 மார்ச் 18 அன்று திறந்த சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டு பகுதிக்குள் நுழைய, கூட்டம் அதிகமுள்ள நாட்களில் பூங்கா டிக்கெட் மட்டும் போதாது. நேரம் குறித்த தனிச் சீட்டும் வேண்டும். உதிரிபாக லாரிக்கு இந்த நேரம், இந்த வாசல் என்று ஆலையில் குறித்துக் கொடுப்பார்களே, அதே கணக்குதான். சீட்டு இலவசம். ஆனால், பூங்காவுக்குள் கால் வைத்த பிறகுதான் செயலியில் எடுக்க முடியும். கூட வருபவர்களின் டிக்கெட்டுகளையும் அதில் பதிய வேண்டும். நண்பர் ஒருவர் இன்னும் ரயிலில் வந்துகொண்டிருந்தால் சிக்கல்தான்!

முன்பே உறுதி வேண்டுமென்றால், நேரம் குறித்த எக்ஸ்பிரஸ் பாஸ் உண்டு. அதன் விலை நாளுக்கு நாள் மாறும். சில நாட்களில் நுழைவுக் கட்டணத்தையே தாண்டிவிடும். வார நாளில், கதவு திறக்கும்போதே போய் நிற்பவருக்கு அந்தச் செலவு பெரும்பாலும் வீண்.

ஊரிலிருந்தே பாஸ் பதிவு செய்வோர் கவனத்துக்கு: ஜப்பானில் காலை 10 மணி என்றால் நமக்கு 6.30.